கடலம்மாவின் செண்ட் பாட்டில்

திருடுவதில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. வெளியாரிடம் கை வைக்க மாட்டேன். ஒன்பது வயதுக்குள் நான் செய்திருந்த திருட்டுகள் எல்லாம் குடும்பத்துக்குள் அடங்கியவை: அம்மா ஒளித்து வைத்த பனைவெல்லம், அப்பாவின் மேசை இழுப்பறையில் இருந்த ரப்பர் வளையங்கள், சாமி படத்துக்கு முன்னால் வைத்த பேரீச்சம்பழம். சாமியும் குடும்பம்தானே. அந்தக் கொள்கையை மீறியது ஒரே ஒரு தடவை. அன்று நான் கடலிடம் திருடினேன். அதுவும் பக்கத்துக் கடல்கூட இல்லை, பிரேசில் நாட்டுக் கடல்.

யாங்கோனில் ஏது கடல் என்று பூகோளம் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். வாஸ்தவம். இங்கே ஆறுதான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆறு கடல் சொன்னபடி நடக்கிற ஆறு. கடல் இழுத்தால் தெற்கே போகும், அது வற்றம். கடல் தள்ளினால் வந்த வழியே வடக்கே ஏறும், அது ஏற்றம். க்யிம்யிண்டைங் பகுதியில் எங்கள் வீட்டு மூன்றாவது மாடி ஜன்னலில் நின்றால் படகுத்துறை தெரியும். ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று காலையில் ஊரைவிட்டே போய்விடுவதுபோல் மிதந்து போகும். மதியம் குடையை மறந்துவிட்டு வந்த ஆள் மாதிரி அதே வழியில் திரும்பி வரும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது மாமா. அம்மாவின் தம்பி, கப்பலில் மாலுமி. கப்பல் இல்லாத மாதங்களில் எங்கள் வீட்டில்தான் இருப்பார். கதவின் பின்பக்கம் அப்பா ராகுகாலம் போட்ட நாள்காட்டியை மாட்டியிருப்பார். அதற்குப் பக்கத்திலேயே மாமா ஏற்றம் வற்றம் நேரம் அச்சடித்த தாளை ஒட்டியிருப்பார். அப்பா ராகுகாலம் பார்த்து வெளியே கிளம்புவார், மாமா வற்றம் பார்த்து முடி வெட்டிக்கொள்ளக் கிளம்புவார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மூடநம்பிக்கைக்காரர் என்று சொல்லிக்கொள்வார்கள்.

மாமா ஊர் திரும்பினால் எனக்குத் திருவிழா. ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் ஏதாவது வரும். ஒட்டகம் போட்ட தட்டு, சாவி கொடுத்தால் முறைக்கிற பொம்மை, ஒரு தடவை பனிக்கட்டி என்று சொல்லி வெறும் தண்ணீர்ப் பாட்டில். “கிளம்பும்போது பனிக்கட்டியாத்தான் இருந்துச்சு, மருமவளே. வழியில மனசு மாறிடுச்சு” என்றார். நான் அதையும் நம்பி ஒரு வாரம் வைத்திருந்தேன்.

அந்தத் தடவை எனக்கு ஒன்றும் வரவில்லை.

பையை நான்தான் பிரித்தேன், அது என் உரிமை. அழுக்குத் துணிக்கு அடியில், பிரேசில் செய்தித்தாளில் சுற்றிய மூன்று பொருள்கள் இருந்தன. மரப்பிடி போட்ட ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி, அகலப் பல் வைத்த ஒரு சீப்பு, நீலக் கண்ணாடிப் பாட்டிலில் செண்ட். மூடியைத் திறக்காமலேயே, மேலே படம் போட்டிருந்த ஊதாப்பூ மணந்தது.

“எனக்கா மாமா?”

“இல்ல, மருமவளே. கடலுக்கு.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. மாமா சிரிக்காமல் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காரணம் எனக்கும் தெரியும். வீட்டில் மெதுவாகப் பேசுகிற விஷயங்களை உரக்கப் பேசுகிறவற்றைவிட நன்றாகவே கேட்பேன். ஊரின் கிழக்குக் கோடியில், தாகேதாவில், தோசைக்கடை போட்டிருந்த பெரியம்மா ஒருவர் இருந்தார். ரத்த உறவு இல்லை. அம்மாவுக்குக் கோயிலில் பழக்கமாகி அக்காவானவர். அவருக்கு ஒரே மகன், எனக்கு அண்ணன். அவனைக் கப்பல் வேலையில் சேர்த்துவிட்டது மாமாதான். விமான நிலையத்தில் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் பாத்துக்கறேம்மா. கூட்டிட்டுப் போற நானே கூட்டிட்டு வர்றேன்” என்று சொன்னபோது நானும் பக்கத்தில் நின்று அண்ணனிடம் சாக்லேட் கேட்டுக்கொண்டிருந்தேன். பிரேசிலுக்குப் போகும் வழியில், ஒரு மோசமான காற்றில், மேல்தளத்தில் கயிறு கட்டப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

பெரியம்மா கருமாதி செய்ய மறுத்துவிட்டார். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் கட்டிச் செய்வது வழக்கம் என்று கோயில் பூசாரி எடுத்துச் சொன்னார். “புல்லக் கட்டி வச்சு எம் புள்ளன்னு சொல்ல எனக்கு வாய் வரல சாமி” என்று அனுப்பிவிட்டாராம். எட்டு மாதமாகத் தோசைக்கல் தினமும் சூடாகிறது, வீட்டில் விளக்கு மட்டும் ஏற்றுவதில்லை என்று அம்மா சொன்னாள். மாமா ஊர் திரும்பி மூன்று வாரமாகியும் தாகேதாப் பக்கம் போகவில்லை. கடலைக் கண்டு பயப்படாத மனிதர் ஒரு தோசைக்கடையைக் கண்டு பயந்தார்.

ஆனால் ஒன்று செய்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலியோடு படகுத்துறைக்குப் போவார். கடைசிப் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீரைக் கையில் அள்ளி உச்சந்தலையில் வைத்துக்கொள்வார். பிறகு சும்மா இருப்பார். வீட்டை விட்டுப் போகும்போது கல்லைச் சுமந்தவர்போல் போவார், திரும்பி வரும்போது மாடிப்படியில் சீட்டியடித்துக்கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கல் ஏறிவிடும்.

“யாராச்சும் மந்திரம் வச்சுட்டாங்களா?” என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

“வெள்ளக் கைலிய யாரு தோய்க்கறது? ஒனக்குத்தான் மந்திரம் வச்சிருக்காங்க” என்றார் அப்பா.

ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா நேரடியாகவே கேட்டார். மாமா சொன்னார். அவர் சொன்னதில் பாதியை நான் மேசைக்கு அடியிலிருந்தும், மீதியை, அங்கிருந்து இழுத்து வெளியே விடப்பட்ட பிறகு, மேசைக்கு மேலிருந்தும் கேட்டேன்.

சல்வடோர் என்ற ஊரில் கப்பல் பல வாரம் கட்டிக் கிடந்திருக்கிறது. துறைமுகத்துக்கு வெளியே கறுத்துப் பருத்த ஒரு பெண்மணி உட்கார்ந்து வடை சுட்டுக்கொண்டிருப்பார். விரிந்த வெள்ளைப் பாவாடை, தலையில் வெள்ளை முண்டாசு, கழுத்தில் நீலமும் வெள்ளையுமாகப் பாசிமணி. வடை காராமணி வடை, சிவந்த பனையெண்ணெயில் பொரித்தது. “ஊர் தெரியாத ஊர்ல, பாஷ தெரியாத எடத்துல, வாயில வச்சா நம்ம வட. அழுதுட்டேன் மச்சான்” என்றார். அந்த அம்மாள் காரம் அதிகமோ என்று தண்ணீர் கொடுத்திருக்கிறார். அழுகை நிற்கவில்லை. இவர் கையால் கப்பல் காட்டி, காற்றைக் காட்டி, ஓர் ஆள் விழுவதைக் காட்டியிருக்கிறார். அந்த அம்மாள் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, பேசாமல் இவர் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

அதற்கடுத்த வாரம் கடலம்மா திருநாள். அந்த அம்மாள் மாமாவை அழைத்துப்போனார். கரை முழுக்க வெள்ளை உடுத்த ஜனம், மேளம், பாட்டு. கூடை கூடையாகப் பூ. பூவுக்கு நடுவே கண்ணாடி, சீப்பு, சோப்பு, செண்ட். கடலம்மாவின் பெயர் யெமாஞ்சா. மீன்களையெல்லாம் பிள்ளைகளாகப் பெற்ற தாய். அலங்காரப் பிரியை. படகில் நடுக்கடலுக்குக் கொண்டுபோய் அவளுக்குக் கொடுக்கிறார்கள். ஆங்கிலம் தெரிந்த துறைமுகக் குமாஸ்தா ஒருவர் மாமாவுக்கு விளக்கியிருக்கிறார்: அந்த ஜனங்களின் முன்னோர்களை ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். வழியிலேயே கடலில் போனவர்களுக்குக் கணக்கில்லை. வந்து சேர்ந்தவர்கள் கையில் ஒன்றும் கொண்டுவர முடியவில்லை. சாமியை மட்டும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வந்தார்கள். அதையும் கும்பிடக் கூடாது என்று தடுத்த காலத்தில், மாதா படத்துக்குப் பின்னால் மறைத்து வைத்துக் கும்பிட்டார்கள்.

“நெனச்சுப் பாருங்க மச்சான். தன் சனத்தையே முழுங்கின கடல். அதப் பாத்து ‘அம்மா’ங்கறாங்க. திட்டல, பயப்படல. போனவங்களெல்லாம் அவ மடியிலதான் இருக்காங்கன்னு, அவளுக்குத் தல சீவச் சீப்பு குடுக்கறாங்க. எவ்ளோ பெரிய மனசு வேணும்!”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் குடும்பமும் கப்பலின் கீழ்த்தளத்தில் மூட்டையோடு மூட்டையாக வந்து இந்த ஊரில் இறங்கியதுதான். ஆனால் அப்பாவால் அதிக நேரம் பேசாமல் இருக்க முடியாது.

“நம்ம காளியம்மா பத்தாதா மச்சான்? பிரேசில்லேர்ந்து எறக்குமதி பண்ணணுமா?”

“காளியம்மாவுக்கு நீச்சல் தெரியுமான்னு தெரியலியே மச்சான்” என்றார் மாமா. எட்டு மாதத்தில் அவர் செய்த முதல் பரிகாசம். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

திருநாளன்று எல்லாரும் கொடுத்தபோது மாமா கொடுக்கவில்லை. கொடுக்கப் போனவரை அந்த வடைக்கார அம்மாள் தடுத்து, கடல் தண்ணீரை அள்ளி அவர் தலையில் வைத்துவிட்டு, பொருள்களைக் கையில் கொடுத்துவிட்டார். வயிற்றைத் தொட்டுக் காட்டி, தூரத்தைக் காட்டினாராம். பெற்றவள் ஊரில் இருக்கிறாள், அவள் கையால் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். அதனால்தான் கண்ணாடியும் சீப்பும் செண்டும் எங்கள் வீட்டுக்கு வந்தன. அதனால்தான் மாமா அடுத்த நாள் அம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தாகேதாவுக்குப் போனார். தோசைக்கடை வாசலில் என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெரியம்மா சனிக்கிழமை வருகிறார் என்று மட்டும் தெரிந்தது.

பொருள்களை ஏற்றி ஆற்றில் விடப் படகு செய்யும் வேலை எனக்கும் மாமாவுக்கும். வாழைமட்டைகளை மூங்கில் ஊசியால் கோத்து, ஒரு முழ நீளத்தில் தெப்பம். அதற்கு அம்மாவின் பழைய நீலப் பாவாடையில் ஓர் ஓரம் கிழித்து விரிப்பு.

“இத கடலம்மா வாங்கிக்கிட்டாங்கன்னு எப்படி மாமா தெரியும்?” என்று கேட்டேன்.

“தண்ணி கொண்டுபோயிட்டா வாங்கிக்கிட்டா. கரைக்குத் திரும்பி வந்துட்டா வேணாம்ங்கறா. குடுத்தவன் மேல இன்னும் கோவம்னு அர்த்தம்.” ஊசியை வாழைமட்டையில் குத்திவிட்டு, எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். “என் மேலயும் கோவம் இருக்கான்னு பாத்துரலாம், மருமவளே. வாங்கிக்கிட்டான்னா நான் மறுபடி கப்பல் ஏறுவேன்.”

இதையெல்லாம் கேட்டு மனம் உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. எனக்கு ஒரே யோசனைதான்: தலை சீவவே தெரியாத தண்ணீருக்குச் சீப்பு, முகமே இல்லாததற்குக் கண்ணாடி, எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. என்னைவிட ஒரு கடல் மாமாவுக்கு முக்கியமாகிவிட்டது. பொறாமைப்படுவதற்கு மனிதர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் கடலைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். என் தகுதிக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

சனிக்கிழமை விடிந்ததும், எல்லாரும் எழுவதற்கு முன், செண்ட் பாட்டிலை எடுத்தேன். ஒரு சொட்டுதான் போடுவதாக எண்ணம். முகத்தில் பூசும் தனாக்காப் பட்டை அரைக்கும் கல்லில் என் பங்கைக் குழைத்து, அதில் இரண்டு சொட்டு விட்டுக் கன்னத்தில் பூசினேன். மணம் போதவில்லை. காதுக்குப் பின்னால், கழுத்தில், இரண்டு முழங்கையில், தலைமுடியில். கடைசியில் பார்த்தால் பாட்டிலில் பாதி இல்லை. பாதிப் பாட்டிலைத் திரும்ப வைத்தால் மாட்டிக்கொள்வேன். முழுதாகக் காணாமல் போனால் யார் மேலும் சந்தேகம் வராது என்று சட்ட நுணுக்கம் தெரிந்தவள்போல் யோசித்து, பாட்டிலை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன்.

அம்மா எழுந்ததும் கேட்டாள். “என்ன வாசன இது, ஊரத் தூக்குது?”

பல் தேய்த்துக்கொண்டிருந்த மாமா என்னைப் பார்த்தார். அடுக்கடுக்காக மூன்று தும்மல் போட்டார்.

“நேத்து ராத்திரி பாட்டில் கொஞ்சம் சிந்திருச்சுக்கா” என்றார்.

என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குப் பெரியம்மா வந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவமாக இருந்தார். தோசை மாவு வாசனையும் புகை வாசனையும் கலந்த ஒரு வாசனை அவரிடம் எப்போதும் இருக்கும். அன்று என்னைத் தாண்டி அது எனக்கே எட்டவில்லை. கதவின் பின்னால் ஒட்டிய தாளை மாமா ஏற்கெனவே எங்களுக்குப் படித்துக் காட்டியிருந்தார். பதினொன்றரை வரை வற்றம், பிறகு ஏற்றம். பத்து மணிக்கு விட்டால் ஏற்றம் தொடங்குவதற்குள் தெப்பம் கண்ணுக்கு மறைந்து போயிருக்கும். பத்தடிக்கப் போகும்போது எல்லாரும் எழுந்தார்கள். தெப்பம் தயார். அப்பா தேங்காயோடு நின்றார்.

பெரியம்மா மட்டும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“குடுக்கறேன் தம்பி. நீ சொன்னா குடுக்கறேன்” என்றார். “ஆனா ஒண்ணு. அதுக்கு வாங்கிக்கத்தானே தெரியுது. எம் புள்ளய வாங்கிக்கிச்சு. இன்னைக்குக் கண்ணாடியும் வாங்கிக்கும். எனக்கு ஒரு சட்டப் பித்தானாச்சும் திருப்பிக் குடுத்துச்சா? ஏதாச்சும் ஒண்ணு வந்திருந்தா, அத வச்சு நானும் அழுது முடிச்சிருப்பேனே.”

மாமா தெப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“அடடா, செண்ட் பாட்டிலக் காணோமே” என்றார்.

அப்போது தொடங்கிய தேடல் ஒரு மணி நேரம் நடந்தது. என் வாழ்க்கையின் மிகப் பெருமையான ஒரு மணி நேரம் அது. கட்டிலுக்கு அடியில் பார்த்தார். சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தார். அப்பாவின் கருவிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். தலையணை உறைகளைக் கழற்றி, மாட்டினார். “செண்ட் இல்லாட்டிப் போவுது தம்பி, கெளம்பு” என்று அம்மா சொன்னதற்கு, “அந்த வடக்காரம்மா குடுத்தனுப்பினது அக்கா, இல்லாமப் போனா நல்லாருக்காது” என்று அலமாரியைத் திறந்தார்.

“மருமவளே, நீ பாத்தியா?”

“இல்லியே மாமா.” என் முகத்தை அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோய், கண்ணை அகல விரித்துச் சொன்னேன். மாமா மறுபடி தும்மினார். சளி பிடித்திருக்கிறது பாவம் என்று நினைத்தேன்.

கடைசியில் சமையலறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அரிசி டின்னின் மூடியைத் திறந்தார். நான் காளியம்மாவுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். மாமா டின்னுக்குள் குனிந்து நன்றாகப் பார்த்தார். மூடியை மெதுவாக மூடினார். “இங்கயும் இல்ல” என்றார். காளியம்மா சக்தியுள்ள தெய்வம் என்று எனக்கு அன்றுதான் உறுதியானது.

பதினொன்றேகாலுக்கு மாமா கதவின் பின்னால் இருந்த தாளில் விரல் வைத்துப் பார்த்தார். “சரி, போதும். கெளம்புங்க” என்றார்.

துறையில் படகுக்காரர் ஒருவர் எங்கள் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, ஊ ஷின்ஜிக்குத் தேங்காய், வாழைப்பழம் வைத்தீர்களா என்று பர்மியில் விசாரித்தார். ஊ ஷின்ஜி இந்தத் தண்ணீர் வழிகளுக்குக் காவல் தெய்வம், அவரைக் கேட்காமல் ஆற்றில் யாரும் எதையும் விடுவதில்லை. மாமா அதையும் மறக்கவில்லை. அப்பா கையிலிருந்த தேங்காய் அவருக்குத்தான். பெரியம்மா தன் பங்குக்குக் கற்பூரம் கொளுத்தினார். “பிரேசிலம்மா, பர்மாக்காரர், நம்ம கற்பூரம். ஒலக மாநாடு” என்று அப்பா முணுமுணுத்தார். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்.

தெப்பத்தைப் பெரியம்மா தன் கையால் விட்டார். விட்ட கையை உடனே எடுக்கவில்லை. தண்ணீர் இழுத்த பிறகுதான் எடுத்தார். நீல விரிப்பும், பூவும், கண்ணாடியில் வெயிலும் மின்ன, அது தெற்கே போனது. ஓர் இருபது முப்பது கை தூரம். பிறகு நின்றது. அந்த இடத்திலேயே ஒரு சுற்று சுற்றியது. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆகாயத்தாமரையும் நின்றது. கரையோரத் தண்ணீர்தான் முதலில் திரும்பும் என்று மாமா எனக்குச் சொல்லியிருந்தார். அது அந்த நேரத்தில் என் மண்டையில் இல்லை. தெப்பம் எங்களை நோக்கி வருகிறது என்பது மட்டும் தெரிந்தது.

வேண்டாம் என்கிறாள். கோபம் என்கிறாள். மாமா இனிமேல் கப்பல் ஏற மாட்டார். எல்லாம் என்னால். கடலம்மா எண்ணிப் பார்த்திருக்கிறாள், செண்ட் இல்லை, திருடியது யார் என்றும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் கழுத்திலிருந்து ஊதாப்பூ மணம் குப்பென்று வந்தது.

“மாமா, நாந்தான்...” என்று கத்த வாயெடுத்தேன். மாமாவின் கை என் வாயைப் பொத்தியது. ஆற்றுச் சேறு உதட்டில் பட்டது.

“பேசாத, மருமவளே. இன்னைக்கு ஒரு நாள் பேசாத.”

திரும்பி வந்தால் கோபம் என்ற விதி அப்பாவுக்கும் தெரியும். “என்ன மச்சான் இது, திரும்பி...” என்று தொடங்கினார். மாமா ஒரு பார்வை பார்த்தார். எங்கள் வீட்டில் அப்பாவை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அப்பா வாயை மூடிக்கொண்டு தேங்காயைப் பார்த்தார்.

பெரியம்மா படியிறங்கிக்கொண்டிருந்தார். புடவையைத் தூக்கிப் பிடிக்கவில்லை. முழங்கால்வரை சேற்றுத் தண்ணீரில் நின்று, வருகிற பிள்ளையை வாங்குவதுபோல் இரண்டு கையையும் நீட்டித் தெப்பத்தை வாங்கினார். கவிழ்ந்தும் கவிழாமலும் வந்த தெப்பத்தில் பூ பாதி போயிருந்தது. கண்ணாடி இருந்தது. சீப்பு இருந்தது. சீப்பை எடுத்தார். அதன் பற்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“ஈரத்தோட வந்துட்டான் பாரேன்” என்றார். “தலய தொவட்டக்கூட இல்ல.”

முந்தானையால் அந்தச் சீப்பை ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அழுதார். எட்டு மாத அழுகை. அம்மா ஓடிப்போய்த் தண்ணீருக்குள்ளேயே அவரைக் கட்டிக்கொண்டாள். படகுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மாமா மட்டும் நகரவில்லை. வெள்ளைச் சட்டையில் கை கட்டி, அந்த இருவரையும் பார்க்காமல், தெற்கே, கடல் இருக்கும் திசையையே பார்த்து நின்றார்.

அடுத்த வாரம் பெரியம்மா கருமாதி செய்தார். புல் உருவத்துக்குப் பதில் அந்தச் சீப்பை இலையில் வைத்தார்கள். பூசாரி எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை என்றார். பெரியம்மா தண்ணியிலிருந்து வந்தது என்றார். பூசாரி அடுத்த மந்திரத்துக்குப் போனார். அன்று மாலை தாகேதா வீட்டில் விளக்கு ஏற்றினார்கள். கண்ணாடி இன்றும் அந்தக் கடையில், தோசைக்கல்லுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

எங்கள் வீட்டில் ஒரு மாதம் சோறு ஊதாப்பூவாக மணந்தது. அப்பா ஒவ்வொரு கவளத்துக்கும் கடலம்மாவை விசாரித்தார். பாட்டிலை அரிசிக்குள்ளிருந்து கண்டுபிடித்த அம்மா என்னைத் துரத்தினாள். மாமா நடுவில் நின்று தடுத்தார்.

சனிக்கிழமைகளில் மாமா துறைக்குப் போவது நிற்கவில்லை. ஆனால் இப்போது கையில் ஏதாவது இருக்கும். நாலு மல்லிகை, ஒரு வாழைப்பழம், ஒரு தடவை எங்கள் வீட்டு வடை. நல்ல வற்றம் பார்த்து விடுவார். கண்ணுக்கு மறையும்வரை நிற்பார். சில நாள் அது போகும். சில நாள் ஏதாவது படகின் அலையில் கரைக்கே வந்துவிடும். அவர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த சனிக்கிழமைக்குக் காத்திருப்பார். என் குற்றத்துக்காகத்தான் மாமா மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து நான் மிகவும் சங்கடப்பட்டேன். ஒரு நாள் மிச்சமிருந்த செண்டோடு பாட்டிலைக் கொண்டுபோய் நீட்டினேன்.

“இதக் குடுத்துரு மாமா. நான் எடுத்ததுக்குத்தான அவங்க உன் மேல கோவமா இருக்காங்க.”

மாமா வெகு நேரம் சிரித்தார். பழைய சிரிப்பு. “உன் மேல அவளுக்குக் கோவமே இல்ல, மருமவளே. நீ அவளுக்கு ஒத்தாச பண்ணின ஆளு” என்றார். வழக்கம்போல் பரிகாசம் என்று நினைத்துக்கொண்டேன். செண்டை ஆற்றில் ஊற்றினார். வற்றம் நன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. மாமா அந்த மழைக்காலம் முடிந்துதான் அடுத்த கப்பல் ஏறினார்.

போன மாதம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். இரண்டாவது மாடி திரும்பும்போதே மணம் வந்து முகத்தில் அடித்தது. நாங்கள் இருப்பது நாலாவது மாடி. கதவைத் திறந்தால் என் மகள், ஏழு வயது, கண்ணை அகல விரித்துக்கொண்டு நிற்கிறாள். என் செண்ட் பாட்டிலைக் காணவில்லையாம். யார் எடுத்தார்களோ தெரியாதாம். என்னைப் பார்த்து ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். தான் கெட்டிக்காரி என்ற பூரிப்பு முகத்தில் வழிகிறது. எனக்கு அடுக்கடுக்காகத் தும்மல்.

மூன்றாவது தும்மலில் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

இரண்டே அறை உள்ள அந்தப் பழைய வீடு. பாதிப் பாட்டிலைத் தலையில் ஊற்றிக்கொண்ட ஒன்பது வயதுப் பெண். திறந்த அரிசி டின்னுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, மெதுவாக மூடியை மூடிய ஒரு மனிதர். ஏற்றம் எத்தனை மணிக்கு என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர். கடல் தன்னிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எட்டு மாதம் காத்திருந்துவிட்டு, ஒரு தாய்க்கு அது ஏதாவது திருப்பிக் கொடுக்கட்டும் என்று, தேநீர் ஆறுவதற்குள் முடிவெடுத்தவர்.

அந்த ஒரு மணி நேரமும் நான் அவரை ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்தேன்.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி வா, தேடலாம்” என்றேன். கட்டிலுக்கு அடியிலிருந்து தொடங்கினோம்.